கேம் சக்கரத்துக்குக் குங்குமம்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஸ்பேனர் இருந்தால் ஸ்பேனர், டீ கிளாஸ் இருந்தால் டீ கிளாஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தவர், நான் குரலை உயர்த்தினாலே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு விஜயதசமி காலையில் வாயடைத்துப் போய்த் தரையில் உட்கார வைத்தாள் என் மனைவி. அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. சாமி கும்பிட்டாள், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அந்தரத்தில் தொங்கியது அவளுடைய பிழைப்பு.

தங்கை ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளை வேன் ஓட்டுகிறாள் என்று ஊரில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவளுக்குத்தான் பழகவில்லை. "அடுத்தவன் வண்டியத் தொடச்சித் தொடச்சி என் கை ரேகையே அழிஞ்சி போச்சிண்ணா. எனக்குன்னு ஒரு வண்டி, எனக்குன்னு ஒரு எடம் வேணும்" என்பாள். இடம் என்றால் வீட்டு மனை இல்லை. கல்வராயன் மலை அடிவாரத்து ஜீப் ஸ்டாண்டு வரிசையில் ஓர் இடம். மேலே வெள்ளிமலை ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டால் மலைக்காரர்களுக்கு அந்த ஜீப்புகள்தான் கதி. அந்த வரிசையில் சேர்ந்துவிட்டால் சவாரிக்குப் பஞ்சமில்லை. சேர முடியாவிட்டால் எவர் வீட்டுக் கல்யாணத்துக்காவது கூப்பிடுவார்களா என்று வண்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒருநாள் வேன் வேலையை விட்டுவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய காரை வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெக்கானிக் அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவனோ ஒரு புரோக்கர் பேச்சைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்?

"உன்ன இட்டுக்கினு போயிருந்தா புரோக்கரோட சண்ட போட்டு வண்டியே இல்லாம திரும்பியிருப்போம். பின்னாடி இன்னா எழுதியிருக்குது பாரு" என்று டிக்கி மூடியைக் காட்டினாள். பதினாறு வால்வு என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர், பாதி உரிந்து போய்.

திட்டிக்கொண்டே பானெட்டைத் திறந்தேன். திறந்த பிறகு திட்ட வாய் வரவில்லை. நான் கொஞ்ச காலம் சென்னையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். அங்கே இந்த மாதிரி எஞ்சின்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு டிராக்டர், டெம்போ, ஜீப் என்றே காலம் போய்க்கொண்டிருந்தது. பழைய சிநேகிதனை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மேல் மூடியைக் கழற்றி இரண்டு கேம் ஷாஃப்டையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றேன். அவளுக்கு அது போதும்.

இந்தப் பதினாறு வால்வு சமாச்சாரம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. எஞ்சின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் போக வேண்டும், எரிந்த புகை வெளியே வர வேண்டும். அதற்கான கதவுகள்தான் வால்வு. பழைய ஜீப்பில் சிலிண்டருக்கு இரண்டே கதவு: உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. இரண்டும் பெரியது, கனமானது. கதவைத் தள்ளித் திறக்கிற கேம் ஷாஃப்ட் எஞ்சின் வயிற்றுக்குள் எங்கேயோ கிடக்கும். அங்கிருந்து நீளக் கம்பி ஒன்று மேலே வந்து, நெம்புகோலைத் தட்டி, அது வால்வைத் தட்டி, இப்படி நாலு பேர் கை மாறி வேலை நடக்கும். வேகமாகச் சுற்றினால் இவர்களால் ஈடு கொடுக்க முடியாது. வால்வு மூடுவதற்குள் அடுத்த முறை திறக்கும் நேரம் வந்துவிடும். அதனால் ஜீப் எஞ்சின் மெதுவாகச் சுற்றி, தம் கட்டி இழுக்கும்.

தங்கையின் வண்டியில் நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு நாலு கதவு. உள்ளே போக இரண்டு, வெளியே வர இரண்டு. ஒவ்வொன்றும் சின்னது, லேசானது. இரண்டு கேம் ஷாஃப்டும் வால்வுகளின் தலைக்கு மேலேயே படுத்திருக்கும். ஒன்று உள்வாசலைத் திறக்க, இன்னொன்று வெளிவாசலைத் திறக்க. நடுவில் கம்பியும் இல்லை, தரகரும் இல்லை. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கதவுகள் நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடும். கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸில் முன்வாசல், பின்வாசல் இரண்டையும் திறந்துவிட்டால் எப்படி மளமளவென்று ஏறி இறங்குவார்கள், அப்படி. ஆனால் ஒன்று, அந்தக் கூட்டம் வர வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அத்தனை கதவுக்கும் வேலை. மெதுவாகச் சுற்றினால் பாதி சோம்பேறித்தனம்.

ஜீப் ஸ்டாண்டுக்கு ஒரு தலைவர் இருந்தார். ஆயுசு பூராவும் மலைப்பாதையில் ஜீப் ஓட்டி ஒரு பக்கத்துக் காது மந்தமாகிப் போனவர். எஞ்சின் சத்தம் மட்டும் அந்தக் காதிலும் கேட்கும் என்பார்கள். தங்கை போய் இடம் கேட்டபோது அவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, வண்டி இவ்ளோ தாழ்வா கீது? பாம்பாட்டம் ஊர்ந்துகினு போவுமா? எங்க ஜீப்பு ரெண்டு வால்வு வச்சிக்கினே ஏறுது, உனுக்கு இன்னாத்துக்கு இத்தினி?"

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் முடியாது என்று சொல்லவில்லை. அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்த வண்டி வந்தாலும் முழு லோடோடு அடிவாரத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் ஏறிக் காட்ட வேண்டும். நடுவில் ஓர் ஆள் இறங்கிவிட்டாலும் கணக்கில் சேராது. ஏனென்றால் மலையில் பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பழைய ஜீப்பெல்லாம் அங்கே வந்ததும் மூச்சு வாங்கும். அதனால் மலை ஜனங்கள் அந்த வளைவு வந்ததும் யாரும் சொல்லாமலே இறங்கி, பேசிக்கொண்டே மேலே நடந்து போய், ஜீப் வந்ததும் ஏறிக்கொள்வார்கள். டிரைவர் கேட்கவும் மாட்டார், அவர்கள் முனகவும் மாட்டார்கள். காலுக்கு அப்படிப் பழகிவிட்டது.

தங்கை முதல் முறை ஏறியபோது அந்த வளைவில் கார் உட்கார்ந்துவிட்டது. ஜனங்கள் இறங்கினார்கள். அப்போதும் ஏறவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஸ்டாண்டு டிரைவர்களும் இருந்தார்கள் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தலைவர் மட்டும் பெரிய மனது பண்ணி, "விஜயதசமி அன்னிக்கி இன்னொரு தபா வாம்மா. நல்ல நாளு. அன்னிக்கும் ஏறலன்னா மனசு வுட்டுடாத, கீழ டவுன்லயே ஓட்டிக்கோ" என்று சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் வாய்ப்பு கிடையாது என்பது அதில் அடக்கம்.

நேராக என் கடைக்கு வந்து, "அண்ணா, இத ஏற வை" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

சோதித்துப் பார்த்ததில் ஒரு சிலிண்டரில் காற்று நிற்கவில்லை. எஞ்சின் தலையைக் கழற்றினேன். புகை போகிற வால்வு ஒன்று ஓரத்தில் கருகி, கடித்த முறுக்கு மாதிரி இருந்தது. அந்தக் கதவு மூடியும் மூடாமலும் இருந்தால் வண்டி எப்படி மலை ஏறும்? அதற்குப் புது வால்வு வர வேண்டும். மற்ற பதினைந்தையும் சொரசொரப்பான தேய்ப்புப் பசை தடவி, குச்சி பிடித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி உருட்டித் தேய்த்து, உட்காருகிற இடத்தில் சரியாகப் படிய வைக்க வேண்டும். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பாதியைத் தானே தேய்த்தாள். மோர் கடைகிற மாதிரி தேய்த்துக்கொண்டே, ஸ்டாண்டு டிரைவர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வைதாள். வைகிற குணம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேம் ஷாஃப்ட் நுனியில் இருக்கிற பல் சக்கரங்களையும் கழற்ற வேண்டியிருந்தது. இங்கேதான் முக்கியமான விஷயம். அந்த இரண்டு சக்கரமும் அச்சு அசல் ஒரே மாதிரி. பல மாடல் எஞ்சினுக்கும் ஒரே சக்கரத்தைப் பொருத்துவதால் ஒவ்வொன்றிலும் மூன்று நாலு கோடு வெட்டியிருக்கும். எது நம் எஞ்சினுக்கு உரிய கோடு என்று அதில் எழுதியிருக்காது. தப்பான கோட்டை வைத்து, எஞ்சினோடு சேர்த்து அந்தச் சக்கரங்களைச் சுற்றுகிற பெல்ட்டை மாட்டினால், சிலிண்டருக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு கீழே இறங்கி நிற்கும். இரண்டும் முட்டும். வால்வுகள் வளைந்து போகும். அதனால் கழற்றுவதற்கு முன்பே சரியான கோட்டில் சிவப்பு நகப் பாலிஷால் அடையாளம் வைத்தேன். பாட்டிலை எங்கே எடுத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

புது வால்வு வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். தலையைப் பொருத்தி, கேம் ஷாஃப்டை உட்கார வைத்ததோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பூஜை அன்று எங்கள் கடையில் கருவியைத் தொட மாட்டோம். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, அடுக்கி, சாமி கும்பிட்டுவிட்டால் மறுநாள் வரைக்கும் அதற்கு ஓய்வு. சக்கரத்தையும் பெல்ட்டையும் மாட்டுவது மட்டும்தானே, விஜயதசமி காலையில் முடித்துவிட்டு மத்தியானம் மலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பூஜைக்கு அலங்காரம் செய்வது மனைவியின் பொறுப்பு. நான் பொரி, பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து கண்ணை மூடிக் கும்பிட்டேன். எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மாலையை எடுத்துவிட்டுப் பார்த்தால், இரண்டு கேம் சக்கரமும் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னுகிறது. ஒவ்வொன்றிலும் சுற்றிவர சந்தனம் வைத்து, சந்தனத்துக்கு நடுவே குங்குமம் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு சாமந்திப்பூ. நான் வைத்த அடையாளத்தைக் காணோம். எது உள்வாசல் சக்கரம், எது வெளிவாசல் சக்கரம் என்றும் தெரியவில்லை.

"யார்றி இதத் தொட்டது?" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் ஸ்டூலோடு உள்ளே போய்விட்டார்.

மனைவி தண்ணீர்க் குடத்தோடு நிதானமாக வந்தாள். "இன்னாங்க கத்தறீங்க நல்ல நாளும் அதுவுமா? ஒரே எண்ணெப் பிசுக்கு. தின்னர் ஊத்தித் தொடச்சேன், பளபளன்னு ஆயிட்ச்சி. செவப்பா ஏதோ கற வேற, அத சொரண்டி எடுக்கறதுக்குள்ள என் வெரலே போச்சி."

"அது கற இல்லடி! அடையாளம்! நகப் பாலிஷு!"

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "நகப் பாலிஷா? யாரு நகப் பாலிஷு?"

நான் கொஞ்சம் தடுமாறினேன். அது போதும் அவளுக்கு.

"பாட்டிலக் காணோம் காணோம்னு நான் வூடு பூரா தேடிக்கினு கீறேன்! உங்க தங்கச்சி மேல கூட சந்தேகப்பட்டேன்! கொண்டாந்து எஞ்சினுக்குப் பூசியிருக்கீங்க? ஒரு நாளாவது எனக்குப் பூசிவுட்டு இருப்பீங்களா?"

கையில் பறக்க விடுவதற்கு ஒரு ஸ்பேனர்கூட இல்லை. எல்லாம் சந்தனத்தோடு அடுக்கியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்தாள், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, புதுப் புடவையில். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்துவிட்டது. "மத்தியானத்துக்குள்ள முடியுமாண்ணா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு" என்றாள்.

சென்னையில் நான் வேலை பார்த்த கடைக்கு போன் போட்டேன். பண்டிகை நாள், யாரும் எடுக்கவில்லை. இந்த எஞ்சினின் விவரப் புத்தகமும் என்னிடம் கிடையாது. அந்தக் காலத்தில் போனில் பேசத்தான் முடியும், படம் பார்க்க முடியாது. சும்மா உட்கார்ந்து அந்த இரண்டு கேம் ஷாஃப்டையும் முறைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் எனக்கே உறைத்தது. அட மடையா, கோடு எதற்கு? கேம் ஷாஃப்டில் முட்டை வடிவத்தில் துருத்திக்கொண்டு நிற்கிற மூக்குகள்தானே வால்வைத் தள்ளுகின்றன? அந்த மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. முதல் சிலிண்டரில் பிஸ்டன் உச்சிக்கு வந்து தீப்பொறி விழுகிற நேரத்தில் நாலு கதவும் மூடியிருக்க வேண்டும். அதாவது இரண்டு ஷாஃப்டின் மூக்கும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அதே நேரத்தில் கடைசி சிலிண்டரில், புகை போய் முடிகிற கதவும் காற்று வரத் தொடங்குகிற கதவும் கை மாற்றிக்கொள்ளும். அங்கே மூக்குகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், சக்கரத்தில் எந்தக் கோடு நேருக்கு நேர் வருகிறதோ அதுதான் நம்முடைய கோடு.

எழுந்து சக்கரங்களை எடுத்த வேகத்தில் சாமந்திப்பூ எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

கீழே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கும் எந்த அடையாளத்தையும் நம்ப எனக்கு மனமில்லை. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, முதல் துளையில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டு மனைவியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நான் கீழே குனிந்து எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற, அவள் மேலே நின்று சொல்ல வேண்டும்.

"ஏறுது... ஏறுதுங்க... இன்னும் ஏறுது... நின்னுட்ச்சி. ஐயோ, எறங்குதுங்க!"

"ஐயோ இன்னாத்துக்குச் சொல்ற? எறங்கத்தான் எறங்கும்!"

"நான் இன்னாத்தக் கண்டேன்? கத்தாம சுத்துங்க."

உச்சி எது என்று கண்டுபிடித்ததும், எஞ்சினைக் கொஞ்சம் பின்னால் சுற்றி, நாலு பிஸ்டனையும் பாதி வழியில் நிறுத்தினேன். அப்போதுதான் கேம் ஷாஃப்டைத் திருப்பும்போது எதுவும் முட்டாது. மூக்குகளைச் சரிபார்த்து, சக்கரத்தை மாட்டி, மறுபடி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தேன். சந்தனத்தை விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தால், இரண்டு சக்கரத்திலும் ஒரேயொரு கோடு மட்டும் நேருக்கு நேராக, ஸ்கேல் வைத்த மாதிரி நின்றது. மற்றதெல்லாம் எங்கெங்கோ போய்விட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் கையை உருவிக்கொண்டு, "பாலிஷு வாங்கித் தந்துட்டு அப்புறம் புடிங்க" என்றாள்.

பெல்ட்டை மாட்டியாயிற்று. சாவி போடுவதற்கு முன் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முட்டுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். மோட்டாரால் சுற்றினால் தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான் ஸ்பேனரை எடுத்தேன். தங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என் வண்டி, நான் சுத்தறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். பிளக் இல்லாததால் எங்கேயும் தடை இருக்கக் கூடாது. முதல் சுற்று வெண்ணெயாகப் போனது. இரண்டாவது சுற்றில் ஓர் இடத்தில் டக்கென்று நின்றது.

"நிறுத்து!" என்றேன்.

தங்கை ஸ்பேனரிலிருந்து கையை எடுக்கவில்லை. மூக்கைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் போக்ஸ் கம்பி கண்ணில் பட்டது. அதை எடுக்காமல் விட்டிருந்தோம். துளைக்குள் சாய்ந்து, பிஸ்டன் மேலே வரும்போது ஆப்பு மாதிரி மாட்டியிருந்தது. கொஞ்சம் பின்னால் சுற்றி, கம்பியை உருவி எறிந்துவிட்டு மறுபடி சுற்றினாள். வழுக்கிக்கொண்டு போனது. தங்கை அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். நானும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். கையில் கிரீஸ் இருந்ததை மறந்துவிட்டேன்.

மத்தியானம் அடிவாரத்துக்குப் போனபோது ஸ்டாண்டே கூடியிருந்தது. மனைவி வரவில்லை. வந்தால் எடை ஜாஸ்தி என்று நான் சொன்னதற்கு அன்றிலிருந்து இன்று வரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முன் சீட்டில் தலைவர் உட்கார்ந்தார். பின்னால் நான். என் பக்கத்தில், சந்தைக்கு வந்துவிட்டு வெள்ளிமலை திரும்புகிற இரண்டு பெண்கள். டிக்கியில் அவர்களுடைய அரிசி மூட்டை, உப்பு மூட்டை, இன்னும் இரண்டு பேருடைய சாமான்.

சும்மா சொல்லக் கூடாது, கார் நன்றாகத்தான் ஏறத் தொடங்கியது. ஆனால் தங்கை ஜீப்காரர்களைப் பார்த்து வளர்ந்தவள். மலையில் வண்டியைக் கத்த விடக் கூடாது என்பது அங்கே சட்டம். எஞ்சினைக் கத்த விடுகிறவன் ஓட்டத் தெரியாதவன். சீக்கிரமாக மேல் கியருக்கு மாற்றி, தடதடவென்று இழுத்துப் போவதுதான் கைப்பக்குவம். அவளும் பக்கத்தில் தலைவர் இருக்கிறாரே என்று அப்படியே ஓட்டினாள். எனக்கும் அதில் சம்மதம்தான். வேகமாகச் சுற்றினால்தான் இந்த எஞ்சினுக்குத் தெம்பு என்று புத்திக்குத் தெரியும். மனசுக்கு, காலையில் மூக்கைப் பார்த்து வைத்த கணக்கு தப்பியிருந்தால் வால்வு முட்டிவிடுமே என்று பயம். "மெதுவா போ, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பாதி வழியில் அந்த வளைவு வந்தது. கார் திரும்பியது, குலுங்கியது, எஞ்சின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. என் பக்கத்தில் இருந்த பெண், எந்த யோசனையும் இல்லாமல், பழக்க தோஷத்தில் கதவுப் பிடியில் கை வைத்தாள். இன்னொருத்தி பையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவர்கள் கால் தரையில் பட்டால் தங்கையின் கதை முடிந்தது. தலைவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் எறங்காதீங்கம்மா! கதவுல கை வைக்காதீங்க!" என்று கத்தினாள் தங்கை. கிளட்சை மிதித்து, முதல் கியரைத் தட்டினாள்.

"வேணாம்! கத்த வுடாத!" என்றேன் நான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ மாட்டின எஞ்சின நீயே நம்பலன்னா நான் யாரண்ணா நம்பறது?" என்று கேட்டுக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைத் தரை வரைக்கும் அழுத்தினாள்.

எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டுகிற முள் ஏறியது. நான் எந்தக் காலத்திலும் விடாத இடத்தையும் தாண்டி ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏதாவது உடைகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். உடையவில்லை. தடதடப்பு நின்று, எல்லாச் சத்தமும் சேர்ந்து ஒரே சத்தமாக, கணீரென்று ஆனது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்தால் வளைவு எங்களுக்குக் கீழே கிடக்கிறது. என் பக்கத்துப் பெண் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வளைவு போயிட்ச்சா?" என்று நம்ப முடியாமல் கேட்டாள். தங்கை அதற்கப்புறம் ஒரு வளைவிலும் எஞ்சினைத் தூங்க விடவில்லை. கத்த விட்டுக்கொண்டே ஏறினாள்.

வெள்ளிமலை வந்ததும் தலைவர் இறங்கி, கேட்கிற காதைப் பானெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தாம்மா மூச்சு வுடுது" என்றார். பிறகு கையை நீட்டி, கீழே திரும்பிப் போக நிழலில் வரிசையாக நின்ற ஸ்டாண்டு ஜீப்புகளின் கடைசியைக் காட்டினார். "போ. கடைசில போய் நில்லு. வரிசை வந்தா எடுத்துக்கினு எறங்கு."

தங்கை காரைக் கொண்டுபோய் கடைசி ஜீப்புக்குப் பின்னால் நிறுத்தினாள். கொஞ்சம் கோணலாக நின்றதென்று முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து, சரியாக ஒட்டி நிறுத்தினாள். அப்புறம் இறங்கி எட்டப் போய் நின்று பார்த்தாள். ஒரு டிரைவர் வந்து, "இன்னாக்கா, எங்க வண்டிக்கெல்லாம் நாலு வால்வு போட்டுத் தர்றாராமா உங்க அண்ணன்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். டீ வந்தது.

ஜீப்புகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கீழே போயின. தங்கையின் முறை வந்தபோது கீழே போகிற ஜனங்கள் தயாராக நின்றார்கள். ஒரு பெரியவர் முன்னால் ஏறினார். வாழைத்தாரோடு ஒருவர், மடியில் குழந்தையோடு ஒரு பெண், அவள் புருஷன், மூன்று பேரும் பின்னால் ஏறினார்கள். நான் ஏறலாம் என்று கதவருகே போனேன். தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, லோடு ஃபுல்லாயிட்ச்சி. நீ பஸ்ல வந்துடேன்."

எனக்கு வந்ததே கோபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நான். வாயைத் திறந்தேன்.

தலைவர் என் தோளில் கை வைத்தார். "அது வரிசை வண்டிப்பா. சவாரிக்குத்தான் எடம்" என்றார்.

கார் கிளம்பிவிட்டது. வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், முன்னால் போகிற கார் என் தங்கையுடையது என்று அடிவாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன்.